மூணாவது பெட்டி

கதவைச் சாத்தினதும் அவினாசி ரோடு காணாமப் போச்சு. பஸ் இல்ல, ஹாரன் இல்ல, ஏசி ஓடுற சத்தம்கூட இல்ல. சுவர் பூராவும் பஞ்சு அடைச்சுத் துணி போர்த்தியிருக்கான் திலீபன். கடைக்காரன் பேரு திலீபன், நாப்பது வயசிருக்கும், என்னைப் பார்த்து “உக்காருங்ணா”ங்கறான். எனக்கு அறுபத்தெட்டு. அண்ணனாம். சரி, கோயமுத்தூர்ல எமதர்மனே வந்தாலும் “வாங்ணா”ன்னுதான் கூப்பிடுவோம், அதுக்கென்ன. எதுத்தாப்புல ஆள் உசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், நடுவுல மேசையில மூணு பெட்டி. மூணும் கறுப்பு. சுத்துறது எதுவும் இல்ல, ஏத்தி இறக்குறது எதுவும் இல்ல. பாட்டெல்லாம் உள்ள வெறும் நம்பரா இருக்குமாம், இல்லைன்னா இன்டர்நெட்டுல இருந்து வருமாம், பெட்டி அதைத் திருப்பிப் பாட்டா மாத்திக் குடுக்குமாம். மூணுல ஒண்ணைப் பொறுக்கணும், அதுக்குத்தான் வந்திருக்கேன். ரெக்கார்டைத் தவிர மத்ததெல்லாம் பாட்டே இல்லைன்னு நாப்பது வருஷமா ஊரைக் கூட்டி வாய் கிழியப் பேசின சென்னியப்பன் வந்திருக்கேன். போன்ல பாட்டு கேக்கறவங்களைக் கண்டா “ஊறுகாயை மோந்து பாத்துட்டு சாப்பிட்டேன்னு சொல்லாதீங்க”ன்னு எகத்தாளம் பேசினவன். பக்கத்து நாற்காலியில என் வீட்டுக்காரி மரகதம், மடியில கைப்பை. ஆட்டோவுல வரும்போதே கேட்டா. “திடீர்னு என்னங்க இந்தப் பெட்டி ஆசை?” “வயசாச்சில்ல, உக்காந்த இடத்துலயே கேக்கலாமேன்னுதான்.” “ம்” அப்படின்னா. அவளோட அந்த “ம்”முக்கு என்ன அர்த்தம்னு இன்னி வரைக்கும் எனக்குப் பிடிபட்டதில்ல. அவளைக் கூட்டிட்டு வரணும்னு நான் நெனக்கவே இல்ல. அடுத்த தெருவுல கண்ணாடி மாத்தணும், நானும் வர்றேன்னு செருப்பை மாட்டிக்கிட்டா. வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் கிடைக்கல.

காரணம் இருக்கு, சொல்ல முடியாது. மூணு வாரத்துக்கு முந்தி ஒரு செவ்வாக்கிழமை, அவ காய் வாங்கப் போயிருந்தப்ப, அவ குரல் இருக்கற ரெக்கார்டை நானே கீறிட்டேன். ப்ளேயர்ல முள்ளை இறக்குறதுக்குன்னே பக்கத்துல சின்னதா ஒரு லீவர் இருக்கு. அதைத் தள்ளினா முள் தானா மெதுவா இறங்கும். நான் அதைத் தொட்டதே கிடையாது. லீவரைப் பிடிக்கறது சோம்பேறி வேலை, கையால எடுத்து, ரெண்டு பாட்டுக்கு நடுவுல இருக்கற அந்த மயிரிழை இடைவெளியில, கண்ணால பார்த்து வெக்கணும். வந்தவங்க முன்னாடியெல்லாம் அப்படித்தான் வெச்சுப் பெருமை பீத்திக்குவேன். அன்னிக்கும் வெச்சேன். வெச்சேன்னுதான் நெனச்சேன். கர்ர்ருன்னு ஒரு சத்தம், தகரத்தை இழுத்த மாதிரி, நாலாவது பாட்டுல ஆரம்பிச்சு ரெக்கார்டு நடுவுல ஒட்டியிருக்கற காகிதம் வரைக்கும். விரலுக்கு ஒண்ணும் தெரியல. காதுலதான் தெரிஞ்சது. பம்பு கம்பெனியில முப்பத்திரண்டு வருஷம் டெஸ்டிங்ல இருந்த விரல் அது. ஓடுற மோட்டார் மேல ரெண்டு விரலை வெச்சா போதும், பேரிங் இந்த வாரம் போகுமா அடுத்த மாசம் போகுமான்னு சொல்லிடுவேன். சக்கரை வியாதி. நாலு வருஷமா பாதத்துல இருந்தது இப்ப கைக்கு வந்திருக்கு. டாக்டரம்மா ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி என் விரல் முட்டியில வெச்சு, “கண்ணை மூடிக்குங்க, அதிர்வு தெரியுதா?”ன்னாங்க. “தெரியுது”ன்னேன். “எப்ப நிக்குதோ சொல்லுங்க.” “இப்ப.” கரெக்டா சொன்னேன். காதால கேட்டுச் சொன்னேன். “பரவாயில்லையே”ன்னு அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. பரீட்சையில காப்பியடிச்ச பையன் கணக்கா சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். யாரை ஏமாத்தினேன், என்னைத்தான். அடுத்த வாரமே ரெக்கார்டு போச்சு. கீறினதும் அழுகை வரும்னு பார்த்தேன், வரல. கோபம் வரும்னு பார்த்தேன், அதுவும் வரல. உறையில போட்டு, அலமாரியில அதே இடத்துல வெச்சு, காப்பியைக் குடிச்சேன். குடிச்சு முடிச்ச அப்புறந்தான் அது ஆறிப்போன காப்பின்னு தெரிஞ்சது. மூணு வாரமா அப்படித்தான். சாப்பிடறேன், உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல. என் தங்கச்சி போன் பண்ணி யாரோ செத்துட்டாங்கன்னா, “அப்படியா”ன்னேன், யாருன்னு கேக்கல. மரத்துப் போறது விரலோட நிக்கும்னு நெனச்சேன், நிக்கல.

எண்பத்தொண்ணுல வந்த ஒரு படம் அது. பத்து நாள் ஓடியிருந்தா அதிகம். பாட்டும் யாருக்கும் ஞாபகமில்ல. அதுல நாலாவது பாட்டு, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வாத்தியமெல்லாம் அடங்கி, ஒரு பொம்பளைக் குரல் மட்டும் தனியா ஹம்மிங் பாடும். வார்த்தை கிடையாது. பன்னெண்டு செகண்டு. அது மரகதம். எண்பத்தி நாலுல நாங்க பொண்ணு பாக்கப் போனப்ப அவளோட மாமா நாச்சிமுத்து, வடபழனியில ஸ்டுடியோக்காரங்களுக்கு மெஸ் நடத்தினவர், அந்த ரெக்கார்டை எடுத்து என் கையில குடுத்து, “எங்க பொண்ணு சினிமாவுல தனியாவே பாடியிருக்குதுங்க மாப்பிள்ளை”ன்னார். கோரஸ்ல ஏழு வருஷமா பாடிட்டிருந்த பொண்ணு. தலையைக் குனிஞ்சு நின்னா. நான் அங்கேயே விழுந்துட்டேன். விழுந்தது பொண்ணுக்கா ரெக்கார்டுக்கான்னு என் தங்கச்சி இன்னிக்கும் கேலி பண்ணுவா. அதுக்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் தப்பிச்சதில்ல. ஆபீசு ஆளுங்க, சொந்தக்காரங்க, ஓட்டு கேக்க வந்தவங்க, ஒரு தடவை கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட உக்கார வெச்சு, முள்ளை இறக்கி, “இப்ப வருது பாருங்க, இதுதான் எங்க வீட்டம்மா”ம்பேன். அந்த இடம் வரும்போது மரகதம் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவா. “வெக்கம்”னு சொல்லுவேன், எல்லாரும் சிரிப்பாங்க. வீட்டுல அவ வாய் திறந்து பாடி நான் கேட்டதில்ல. பாடுன்னா தொண்டை கட்டியிருக்கும்பா. தாலாட்டுப் பாடவும் எங்களுக்கு ஒண்ணு பொறக்கல. அதனால அந்தப் பன்னெண்டு செகண்டுதான். அதை நான் கீறிட்டேன். சென்னைக்கு, சேலத்துக்கு, ரெக்கார்டு விக்கறவங்க அத்தனை பேருக்கும் போன் போட்டேன், அந்தப் படமான்னு சிரிக்கறாங்க. கடைசியில இந்தத் திலீபன்தான், “கம்பெனிக்காரங்க ஸ்டுடியோவுல பதிஞ்ச பழைய மாஸ்டர் டேப்பையெல்லாம் நெட்டுல ஏத்திட்டாங்கண்ணா, உங்க பாட்டும் இருக்குது, வந்து கேளுங்க”ன்னான். அது என் வீட்டுல பாடிட்டிருந்தா, அலமாரியில இருக்கறதை யார் எடுத்துப் பாக்கப் போறாங்க. பூசி மெழுகிடலாம். இன்னிக்கு இங்க அவ குரல் கிடைச்சா போதும். கிடைக்கலைன்னா என்னன்னு யோசிக்கப் பாத்தேன், யோசனை அந்த இடத்துல நின்னு நின்னு போகுது.

“மொதல்ல இதைக் கேளுங்ணா”ன்னு முதல் பெட்டியில ஏதோ வீணை போட்டான். பளிச்சுனு இருக்கு, கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரை மாதிரி. நகம் தெரியுது, கம்பி தெரியுது, வீணை தெரியல. “இது வேண்டாம்”னேன். எதுக்கு வேண்டாம்னு கேக்காம அவனே மண்டையை ஆட்டிக்கிட்டான், எத்தனை கிழவனுங்களைப் பார்த்திருப்பான். “அப்ப ரெண்டாவதுதான் உங்களுக்கு. உள்ள பழைய ரேடியோல இருக்குமே, அந்த வால்வு எரியுதுங்ணா. ரெக்கார்டு கேட்டுப் பழகின ஆளுங்களுக்குன்னே பண்ணினது. என்ன போடட்டும், உங்க பாட்டையே போட்டுடட்டுமா?” தலையை ஆட்டினேன். மரகதத்தைப் பாக்கல. பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது. தபேலா கொஞ்சம் கொழகொழன்னு, இதமா, எங்க வீட்டு ஹால்ல கேக்கற அதே தபேலா. வாத்தியம் அடங்கினது. அந்தக் குரல் வந்தது. மரகதம். அதே மரகதம். கீறல் இல்லாம, ரெக்கார்டு ஓடும்போது பொரியற சத்தம் இல்லாம, ஆனா அதே கதகதப்போட பன்னெண்டு செகண்டும் வந்து போச்சு. இங்க எந்திரிச்சுப் போக அடுப்படி இல்ல, அதனால அவ கைப்பையைத் திறந்து குடையறா. கண்ணாடிக் கடைச் சீட்டைத் தேடறாளாம். எனக்கு நிம்மதின்னு சொல்லணும். நிம்மதி வர்ற இடத்துல ஒண்ணும் வரல, ஆனா குரல் இருக்கு, போகல, அது வரைக்கும் சரி. இதைக் கட்டிக் குடுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சிருக்கணும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “அந்த மூணாவது என்ன ரகம்?”

“மூணாவது எதையும் சேக்காதுங்ணா, எதையும் மறைக்காது. டேப்புல என்ன இருக்கோ அது. சில பேருக்குப் பிடிக்கும், சில பேரு பயந்துக்குவாங்க”ன்னு சிரிச்சான். போட்டான். பல்லவியிலேயே அறை பெரிசாயிடுச்சு. வயலின்காரங்க எத்தனை பேருன்னு எண்ணலாம், யாரோ ஒருத்தர் காகிதத்தைத் திருப்பறார், அதுகூடக் கேக்குது. வாத்தியம் அடங்கினது. அடங்கின அந்த இடத்துல, குரலுக்கு முன்னாடி, ஒரு மூச்சு. உதடு பிரியற சத்தம், அப்புறம் வாயால ஒரே இழுப்பா, ஆழமா, ஒரு மூச்சு. அதுக்கப்புறம் ஹம்மிங். ரெக்கார்டுல அந்த இடத்துல எனக்குப் பொரியற சத்தம் மட்டுந்தான் கேட்டிருக்கு. “இன்னொரு தரம்”னேன். மறுபடி உதடு, மறுபடி அந்த ஒரே இழுப்பு. இது மரகதம் இல்ல. யோசிச்சுச் சொல்லல, விரலை வெச்சதும் பேரிங் தெரியுமே அப்படித் தெரிஞ்சது. மரகதத்துக்கு மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு. எதை ஆரம்பிச்சாலும், ஊசியில நூல் கோக்க, போன்ல பேச, மாடிப்படி ஏற, மூக்கால ரெண்டு தரமா மூச்சு இழுப்பா, சின்னதா ஒண்ணு, பெரிசா ஒண்ணு. நாப்பது வருஷம் பக்கத்துல படுத்தவனுக்கு அந்த மூச்சு தெரியாதா. இது வேற நெஞ்சு, வேற வாய். இல்ல, அப்ப அவளுக்கு இருபத்தொரு வயசு, அப்ப மூக்கு நல்லா இருந்திருக்கும். எப்ப வளையும் மூக்கு? பொறந்ததுல இருந்தேன்னு அவளே ஒரு தடவை சொன்னாளே. பாட்டுக்காரங்க வாயால இழுக்கப் பழகியிருப்பாங்க. பழகியிருக்கலாம். டேப்பு வேகமா ஓடினா குரல் மாறும், மூச்சும் மாறுமா? “ரெண்டாவதுல போடுங்க.” போட்டான், மூச்சு இல்ல, மரகதம் பாடறா. “மூணாவதுல.” மூச்சு இருக்கு, யாரோ பாடறா. “ரெண்டாவது.” மரகதம். “மூணாவது.” யாரோ. “இப்பத் தெரியுதுங்களாணா வித்தியாசம்?”ன்னு திலீபனுக்குச் சந்தோஷம் தாங்கல. பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு, “தெரியுது”ன்னேன்.

ஆக, ரெண்டாவது பெட்டியை வாங்கிட்டுப் போனா வீட்டுல மரகதம் பாடுவா, மூணாவதை வாங்கினா வேற யாரோ பாடுவா. இதுல பொறுக்கறதுக்கு என்ன இருக்கு. ரெண்டாவதுதான். கேஸ் சிலிண்டர்காரர் முகம் வருது, பாவம், செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காந்து கேட்டுட்டு, “அம்மாங்களா, நம்பவே முடியலீங்க”ன்னார். நம்ப முடியலைன்னுதான் சொல்லியிருக்கார் மனுஷன், எனக்குத்தான் உறைக்கல. அப்ப அவளுக்குத் தெரியுமா? தெரியாம எப்படி இருக்கும், பாடினோமா இல்லையான்னு பாடினவளுக்குத் தெரியாதா. தெரிஞ்சே என்னைக் கூத்தாட விட்டாளா? கோபம் வரணும் இப்ப. நெஞ்சைத் தடவிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல, சட்டைப் பித்தான்தான் இருக்கு. பயம் மட்டும் அடியில எங்கயோ இருக்கு, அவகிட்டக் கேட்டுடுவேனோன்னு. கேட்டா நாப்பது வருஷமும் போச்சு. கேக்காட்டி? கேக்காட்டி ஒண்ணும் இல்ல, ரெண்டாவது பெட்டி, மதியம் சாப்பாடு, மாத்திரை. ரெக்கார்டு கீறினதும் யாருக்கும் தெரியாது, இதுவும் யாருக்கும் தெரியாது. மரத்த விரலை வெச்சுக்கிட்டே நான் சட்டைக்குப் பித்தான் போடலையா, சோத்தைப் பிசையலையா, அந்த மாதிரி இதுவும் ஓடிடும். தொண்டையைச் செருமிக்கிட்டு, “ரெண்டாவதே இருக்கட்டும் தம்பி”ன்னேன்.

பக்கத்துல மூக்கால மூச்சு இழுக்கற சத்தம் கேட்டது, சின்னதா ஒண்ணு, பெரிசா ஒண்ணு. “மூணாவதுதாங்க நல்லாருக்கு”ன்னா மரகதம். “உனக்கென்ன தெரியும் இதுல” அப்படின்னேன், வழக்கமா சொல்றதுதான். “தெரியுங்க. ரெண்டாவதுல ஸ்டெல்லா குரல் மழுங்கிப்போச்சு.” நான் ஸ்பீக்கரையே பார்த்துக்கிட்டிருந்தேன். “யாரு?” “ஸ்டெல்லா. அதைப் பாடினவ. பரங்கிமலையில இருந்து பஸ்ல வருவா. பாடறதுக்கு முன்னாடி அப்படித்தான் வாயைப் பிளந்து இழுப்பா, மைக்குல கேக்குதுன்னு திட்டு வாங்குவா.” திலீபன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, “டீ சொல்லிட்டு வந்துடறேங்ணா”ன்னு கதவைத் திறந்தான். ரோட்டுச் சத்தம் கொஞ்சம் உள்ள வந்துட்டு அவனோட போயிடுச்சு. “மாமா சொன்னாரே மரகதம்.” “மாமாவுக்கு என்னைத் தள்ளிவிட்டாப் போதும்னு இருந்தது. சினிமாவுல பாடற பொண்ணா, வேண்டாம்னு ரெண்டு இடம் தட்டிப்போச்சு. நீங்க ஒருத்தர்தான் அதுக்காகவே வந்தீங்க. வந்தவரை விட்டுடக் கூடாதுன்னு தனியாப் பாடினதாவும் சேர்த்துச் சொல்லிட்டார்.” “நீயாவது சொல்லியிருக்கலாமில்ல.” “கல்யாணமாகி மூணாம் நாள் சொல்லலாம்னு ஹாலுக்கு வந்தேன். ஆபீசு ஆளுங்க எட்டுப் பேரை உக்கார வெச்சுப் போட்டுக் காட்டிட்டிருந்தீங்க. அத்தனை சந்தோஷமா ஒரு மனுஷனை நான் அது வரைக்கும் பாத்ததில்ல. காப்பியைக் குடுத்துட்டு உள்ள போயிட்டேன். அப்புறம் எங்க போய்ச் சொல்றது.” இதுக்கு நான் என்னமோ சொல்லணும். என்ன வந்தது வாயில தெரியுமா, “நான் அந்த ரெக்கார்டைக் கீறிட்டேன்”ங்கறது வந்தது. “எதை?” “அதைத்தான். மூணு வாரமாச்சு. முள் நழுவிடுச்சு. கையிலயும் உணர்ச்சி போயிடுச்சு, உங்கிட்டச் சொல்லல.” “அப்பாடா” அப்படின்னா. வேணும்னு சொல்லல, தானா வந்துடுச்சு, வந்ததும் கையால வாயைப் பொத்திக்கிட்டா. அந்த ஒரு வார்த்தை நறுக்குனு உள்ள தைச்சது. மூணு வாரத்துல முதல் தடவையா எனக்கு வலிச்சது. நான் பெருமைப்பட்ட ஒவ்வொரு தடவையும் இவ உள்ள போய் அடுப்பு முன்னாடி நின்னிருக்கா, யாரோ பாடினதுக்குத் தனக்குக் கைதட்டறதைக் கேட்டுக்கிட்டு.

திலீபன் டீயோட வந்தான். “அப்ப நீ எங்கதான் இருக்கே?”ன்னு கேட்டேன் அவளை. கோபமாத்தான் கேட்டேன், குரல் அப்படி வரல. “கடைசிப் பல்லவியில. ஆறு பேரு சேந்து வருவோம்.” “மூணாவதுலயே அந்தக் கடைசியைப் போடுங்க தம்பி”ன்னேன். முன்னால சாஞ்சு, கண்ணை மூடி, முப்பத்திரண்டு வருஷம் மோட்டாரைக் கேட்ட காதை அப்படியே குடுத்துக் கேட்டேன். ஆறு பேரு மூச்சு இழுக்கறாங்க, ஒரே மூச்சா இருக்கு. பாடறாங்க, ஒரே குரலா இருக்கு. மெல்லிசா, அகலமா, ஓரத்துல ஒரு பிசிர் இல்லாம. எந்தப் பக்கம்னு தேடறது, இடதா, வலதா, மேல் சுருதியில போறதா. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் ஒண்ணும் பிடிபடல. இன்னொரு தரம்னேன். “எது மரகதம் நீ? இந்தப் பக்கமா? கொஞ்சம் சொல்லேன்.” “சொல்ல முடியாதுங்க. எனக்கே தெரியாது.” “உன் குரல் உனக்கே தெரியாதா?” அவ டீயை வாங்கி ஒரு வாய் குடிச்சா. “தெரியக் கூடாதுங்க. ஆறு பேரு பாடினாலும் ஒரு ஆளு பாடற மாதிரி இருக்கணும். யார் குரலாவது தனியாக் கேட்டா உடனே பேரைச் சொல்லி வெளிய உக்கார வெச்சுடுவாங்க. ஸ்டெல்லாவையே ரெண்டு தடவை உக்கார வெச்சிருக்காங்க.” டம்ளரைக் கீழ வெச்சுட்டு, நிமிர்ந்து உக்காந்து, பாட்டு வர்ற ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னா. “ஏழு வருஷத்துல என்னை ஒரு தடவைகூட வெளிய உக்கார வெச்சதில்ல.”